நீலமாகும் பட்டையும் தொப்புளைச் சுற்றிய வலியும்

ஒரு மருத்துவப் பரிசோதனை நல்லதா என்று கேட்டால் பெரும்பாலோர் அதன் துல்லியத்தைப் பற்றித்தான் பேசத் தொடங்குவார்கள். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: முடிவு கையில் வந்தபின் மருத்துவர் எதை மாற்றிச் செய்வார்? எதையும் மாற்றப்போவதில்லை என்றால், எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்தப் பரிசோதனைக்குக் கொடுத்த காசும் காத்திருந்த நேரமும் நோயாளிக்கு நட்டம்தான்.

கோலார் தங்கவயலுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை மற்ற ஊர்களைவிட அதிகம். 1940 முதல் 1946 வரை கேப்லன், பர்டன் என்ற இருவர் இங்கே 7,653 சுரங்கத் தொழிலாளரைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. கல்தூசு நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும் அந்த நோய் மைசூர் அரசில் இழப்பீட்டுக்குரியதாக ஆகியிருந்த காலம் அது. ஆகவே ‘இவருக்கு இருக்கிறது’ என்று எழுதினால் ஒரு குடும்பத்துக்குப் பணம் வரும். ‘இல்லை’ என்று எழுதினால் வராது. அந்த ஆய்வில் குறைகள் இருந்திருக்கலாம். ஆனால் அது எதற்காகச் செய்யப்பட்டது என்று தங்கவயலின் சாம்பியன் ரீஃபில் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இன்று அதே ஊரின் பெமல் நகரில் கே.ஜி.எஃப். பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோலாரை ஒட்டிய டமக்காவில் ஸ்ரீ தேவராஜ் அர்ஸ் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இப்படிப்பட்ட கல்லூரிகளில் மருத்துவ ஆய்வு என்பது பெரும்பாலும் முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுதான். மூன்றாண்டுப் படிப்பின் தொடக்கத்திலேயே தலைப்பைப் பதிவுசெய்து, புறநோயாளிப் பிரிவுக்கு வருபவர்களிடமிருந்து தரவு சேர்த்து, முடிப்பதற்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். நம் நாட்டின் ஈறு நோய்த் துறைகளிலும் குழந்தை மருத்துவத் துறைகளிலும் திரும்பத் திரும்ப எடுக்கப்படும் தலைப்புகளில் இரண்டை இங்கே எடைபோடுகிறேன். ஒன்று, ஈறு நோயைக் கண்டறியும் பானா பட்டை. இன்னொன்று, குழந்தைகளின் விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி. எந்தத் தனி ஆய்வேட்டையும், எந்த மாணவரையும் குறிவைக்கவில்லை. இந்த ஆய்வுகள் கட்டப்படும் விதம்தான் என் பொருள்.

முதலில் பட்டை. 1980களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வால்டர் லோஷே குழுவினர் இதை வளர்த்தெடுத்தார்கள். பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலிருந்து பற்படலத்தைச் சுரண்டி ஒரு சிறு பட்டையில் தடவுவார்கள். அதில் பானா என்ற வேதிப்பொருள் பூசப்பட்டிருக்கும். டிரெபோனிமா டென்டிகோலா, போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டானரெல்லா ஃபார்சித்தியா ஆகிய மூன்று நுண்ணுயிர்களிடம் அதை உடைக்கும் நொதி உண்டு. உடைந்து வெளிவரும் பொருள், மேலே வைத்து மடிக்கும் இன்னொரு பட்டையிலுள்ள சாயத்தோடு சேர்ந்து நீலமாகும். சிறிய சூடேற்றியில் சில நிமிடம் வைத்தால் போதும். 1998இல் சோக்ரான்ஸ்கி குழுவினர் ‘செந்தொகுதி’ என்று வகைப்படுத்தி, ஆழமான ஈறுப் பைகளோடு தொடர்புபடுத்தியதும் இதே மூன்றைத்தான்.

இதன் நல்ல பக்கத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். காற்றில்லாத இடத்தில் மட்டுமே வளரும் இந்த நுண்ணுயிர்களை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டுவது கடினம், செலவும் அதிகம். தங்கவயல் போன்ற ஊரில் அதற்கான ஆய்வகத்துக்கு பெங்களூருக்கோ வேலூருக்கோதான் போக வேண்டும். நோயாளி நாற்காலியை விட்டு எழுவதற்குள் ஒரு பட்டை விடை சொல்கிறது என்றால் அது கெட்டிக்காரத்தனமான வேதியியல். லோஷேயின் அடிப்படை எண்ணமும் மதிக்கத்தக்கது. ஈறு நோயை ‘அழுக்கால் வருவது’ என்று பொதுப்படையாகச் சொல்லாமல், குறிப்பிட்ட கிருமிகளின் தொற்றாகப் பார்க்க வேண்டும் என்றார் அவர்.

சிக்கல், பட்டையைச் சோதிக்கும் முறையில் இருக்கிறது. வழக்கமான வடிவம் இது: ஈறு நோய் உள்ளவர்கள் ஒரு பக்கம், ஈறு நன்றாக உள்ளவர்கள் மறுபக்கம். யார் எந்தப் பக்கம் என்று பிரிப்பது புரோப். நுனியில் 0.5 மில்லிமீட்டர் உருண்டையும், 3.5 முதல் 5.5 மில்லிமீட்டர் வரை கறுப்புப் பட்டையும் கொண்ட உலக சுகாதார நிறுவனத்தின் எளிய அளவுகோல் அது. புரோப் பிரித்துவைத்த இரண்டு கூட்டத்திலும் பட்டையைத் தடவிப் பார்க்கிறார்கள். நோயாளிப் பக்கம் நீலம் அதிகம், மறுபக்கம் குறைவு. நோயைப் பிடிக்கும் உணர்திறன் இவ்வளவு, நோயில்லாதவரைச் சரியாக விட்டுவிடும் தனித்திறன் இவ்வளவு, ஆகவே பட்டை பயனுள்ளது என்று முடிகிறது ஆய்வேடு.

வினாத்தாளைப் பார்த்துவிட்டு எழுதிய தேர்வு இது. புரோப் ஏற்கெனவே சொன்ன விடையைப் பட்டை திருப்பிச் சொல்கிறதா என்பது மட்டும்தான் இங்கே தெரியவருகிறது. நன்றாகச் சொன்னாலும், புரோப் கையில் இருக்கும் மருத்துவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. மோசமாகச் சொன்னால் பட்டையைத் தூக்கிப்போட வேண்டியதுதான். இரண்டில் எது நடந்தாலும் சிகிச்சை மாறாத ஓர் ஆய்வுக்கு அறநெறிக் குழு ஏன் ஒப்புதல் தருகிறது என்பதே என் வியப்பு.

இன்னொரு கோளாறு இதைவிட ஆழமானது. முற்றிய நோயாளியையும் முழு ஆரோக்கியமானவரையும் மட்டும் எடுத்துக்கொண்டால் எந்தப் பரிசோதனையும் கெட்டிக்காரனாகத்தான் தோன்றும். 1978இலேயே ரான்சோஹாஃபும் ஃபைன்ஸ்டைனும் இதைக் கண்டித்து எழுதினார்கள். பரிசோதனை தேவைப்படுவது நடுவில் இருப்பவர்களுக்குத்தான்: லேசாக ஈறு வீங்கியவர், நான்கு மில்லிமீட்டரில் தயங்கி நிற்கும் பை, பீடி குடிப்பதால் இரத்தம் கசியாமல் மறைந்திருக்கும் நோய். அவர்களை விட்டுவிட்டுச் செய்யப்படும் கணக்கு, வெளியே எடுத்துச் சென்றவுடன் சரிந்துவிடும்.

எப்படிச் சரியும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் காட்டலாம். ஒரு பட்டை நோயுள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கிறது, நோயில்லாத 100 பேரில் 80 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி மருத்துவமனைக்கு வரும் 1,000 பேரில் 500 பேருக்கு நோய் இருந்தால் நீலம் காட்டுபவர்கள் 550. அவர்களில் 450 பேருக்கு உண்மையிலேயே நோய். நூற்றுக்கு 82 பேர், நல்ல கணக்குதான். அதே பட்டையை தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளி முகாமுக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்கே 1,000 பேரில் 100 பேருக்கு மட்டும் நோய் என்றால், நீலம் காட்டுவோர் 270. உண்மையான நோயாளிகள் 90. நீலம் பார்த்துப் பயந்த மூவரில் இருவர் காரணமில்லாமல் பயந்தவர்கள். பட்டை மாறவில்லை, ஊர்தான் மாறியது. ‘முகாம்களில் பயன்படுத்தலாம்’ என்று பரிந்துரைக்கும் ஆய்வேடு இந்த ஒரு பக்கக் கணக்கைப் போட்டுக் காட்டாதவரை அந்தப் பரிந்துரைக்கு மதிப்பில்லை.

வழிகாட்டிப் பேராசிரியர்கள் கண்டும் காணாமல் விடும் குறை ஒன்றும் உண்டு. ஒரு வாயில் நான்கு ஐந்து இடங்களிலிருந்து மாதிரி எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி ஆளாக எண்ணிவிடுகிறார்கள். முப்பது நோயாளிகள் நூற்றைம்பது ‘மாதிரிகள்’ ஆகிவிடுகிறார்கள். ஒரே வாயின் எச்சில், ஒரே பீடி, ஒரே சர்க்கரை நோய், ஒரே கை பல் துலக்கும் பழக்கம் எல்லா இடங்களையும் ஒன்றாகவே பாதிக்கும். அவற்றைத் தனித்தனியாக எண்ணினால் முடிவின் உறுதி பொய்யாகப் பெருகும். இதைச் சரிசெய்யும் புள்ளியியல் முறைகள் நெடுங்காலமாகவே உண்டு. அவற்றைப் பயன்படுத்தாமல் வெளியாகும் துல்லியக் கணக்குகளை நான் பாதியாகக் குறைத்துத்தான் படிக்கிறேன்.

பட்டை எதைச் சொல்லாது என்பதையும் பார்க்க வேண்டும். மூன்று நுண்ணுயிர்களில் எது இருக்கிறது என்று அது பிரித்துச் சொல்லாது. இளம் வயதில் முன்பற்களையும் முதல் கடைவாய்ப் பற்களையும் தாங்கும் எலும்பை வேகமாகக் கரைக்கும் நோய்வகையோடு தொடர்புள்ள அக்ரிகேட்டிபாக்டர் என்ற கிருமியிடம் அந்த நொதியே கிடையாது. ஆகவே, தவறவிடக் கூடாத இளைஞரிடம் பட்டை வெள்ளையாகவே நிற்கலாம். மறுபுறம், செந்தொகுதிக் கிருமிகள் ஈறு நன்றாக உள்ளவர்களிடமும் குறைந்த அளவில் குடியிருக்கும். நீலம் வந்தால் ‘கிருமி இருக்கிறது’ என்று பொருள். ‘எலும்பு கரைகிறது’ என்று பொருள் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, நீலம் வந்தாலும் வராவிட்டாலும் செய்யப்போவது ஒன்றுதான். பற்காரையை நீக்குவது, வேரைச் சுத்தப்படுத்துவது, துலக்கக் கற்றுக்கொடுப்பது, புகையிலையை நிறுத்தச் சொல்வது, சர்க்கரையைச் சோதிப்பது. 2017இல் உலக மாநாட்டில் வகுக்கப்பட்டு மறுஆண்டு வெளியான ஈறு நோய்ப் பாகுபாடு, நோயின் கட்டத்தைப் பற்பிடிப்பு இழப்பாலும் எலும்பு இழப்பாலும், அதன் வேகத்தைப் புகைப்பழக்கத்தையும் சர்க்கரை நோயையும் சேர்த்தும் தீர்மானிக்கிறது. கிருமிப் பரிசோதனை அதற்குக் கட்டாயம் இல்லை.

புரோப்பின் தரப்பில் இன்னொரு சான்றும் உண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்னில் நிக்லாஸ் லாங் குழுவினர் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1990இல் வெளியிட்ட ஆய்வில், புரோப் படும்போது இரத்தம் கசியாத இடங்களில் 98 விழுக்காடு நோய் வளராமல் நின்றன. கசிவு இருந்தால் நோய் வளரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் அதன் கணிப்பு பலவீனம். ஆனால் ‘கசியவில்லை, கவலை வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையை அது மருத்துவருக்குக் கொடுத்தது. இந்த ஆய்வு நோயாளியை ஒரே நாள் பார்த்து அனுப்பிவிடவில்லை. காலத்தோடு சேர்த்துக் கவனித்தது. பானா பட்டைக்கும் இதே தேர்வை வைக்கலாம்: சிகிச்சைக்குப் பின் நீலமாகவே நிற்கும் இடங்கள் ஓராண்டில் அதிகம் கெடுகின்றனவா? புரோப்பும் கசிவும் சொல்வதற்கு மேல் பட்டை எவ்வளவு கூடுதலாகச் சொல்கிறது? இந்தக் கேள்விக்காக யாராவது பட்டை வாங்கினால் நான் எதிர்க்க மாட்டேன்.

பட்டையை ஆதரிப்போர் சொல்லும் ஒரு வாதம் எனக்குப் பிடிக்கும்: நீலத்தைக் கண்ணால் பார்த்தால் நோயாளி ஒழுங்காகத் துலக்குவார் என்பது. இருக்கலாம். ஆனால் கண்ணாடியைக் கையில் கொடுத்து, தன் ஈறிலிருந்து இரத்தம் வருவதை அவரே பார்க்கவைத்தால் அதற்குச் செலவே இல்லை.

இனி குழந்தையின் வயிறு. இங்கே நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் தவறு நடந்தால் விலை அதிகம்.

தங்கவயலின் எந்தத் தொழிலாளர் குடியிருப்பு லைனில் கேட்டாலும் இந்தக் குழந்தையைத் தெரிந்திருக்கும். காலையில் பள்ளிக்குப் புறப்படும் நேரம் தொப்புளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். பாட்டி ‘குடல் ஏறிடுச்சு’ என்று எண்ணெய் தடவுவார். அப்பா ‘நடிக்கிறான்’ என்பார். அம்மா பூச்சி மருந்து கொடுப்பார். வலி போகும், அடுத்த வாரம் திரும்பும். பிறகு மருத்துவர், பிறகு ஸ்கேன்.

இந்தத் துறையின் அடிப்படை ஆய்வு இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நடந்து 1958இல் வெளியானது. ஜான் ஆப்லியும் நோரா நெய்ஷும் 1,000 பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். மூன்று மாதங்களில் குறைந்தது மூன்று முறை, அன்றாட வேலையைப் பாதிக்கும் அளவு வலி என்று வரையறுத்து எண்ணியபோது 10.8 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. மருத்துவமனைக்கு வந்தவர்களோடு நிற்காமல் அவர்கள் பள்ளிக்கே போனார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த எண் நிற்பதற்குக் காரணம் அதுதான். அத்தகைய குழந்தைகளில் மிகச் சிலரிடமே உறுப்பு சார்ந்த காரணம் தெரிந்தது. வலி தொப்புளிலிருந்து விலக விலக உறுப்புக் கோளாறு இருக்கும் வாய்ப்பு கூடும் என்ற ஆப்லியின் விதியை இன்றும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். விதி என்பது கொஞ்சம் பெரிய சொல். ஆனால் தொடங்குவதற்கு நல்ல இடம்.

நம் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை பள்ளிக்குப் போவதில்லை. புறநோயாளிப் பிரிவுக்கு வந்த ஐம்பது, நூறு குழந்தைகளை எடுத்து, எத்தனை பேருக்கு உறுப்புக் காரணம், எத்தனை பேருக்கு இல்லை என்று விகிதம் போடுகின்றன. அந்த விகிதம் குழந்தையைப் பற்றிச் சொல்வதைவிட, மருத்துவமனையைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. பெரிய மருத்துவமனைக்குச் சிக்கலானவர்கள் அனுப்பப்படுவார்கள். அங்கே உறுப்புக் காரணம் கூடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எண்ணினால் குறையும். இரண்டையும் ‘இந்தியக் குழந்தைகளின் நிலை’ என்று எழுதுவது தவறு.

அதைவிடப் பெரிய தவறு, காரணம் என்று எதை எண்ணுகிறார்கள் என்பதில் இருக்கிறது. ஸ்கேனில் குடல்தாங்கிச் சவ்வின் நிணநீர்க் கட்டிகள் தெரிந்தால் அதையே காரணமாக எழுதிவிடுகிறார்கள். வலியில்லாத குழந்தைக்கு ஸ்கேன் எடுத்தால் என்ன தெரியும்? 2005இல் கார்மாசின் குழுவினர் இதற்கு நெருக்கமான கேள்வியைச் சி.டி. ஸ்கேனில் பார்த்தார்கள். குறுக்களவு 5 மில்லிமீட்டரை எல்லையாக வைத்தால், இத்தகைய நோய் இல்லாத குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ‘வீங்கிய’ கட்டி இருந்தது. அதனால் 8 மில்லிமீட்டரை எல்லையாக்கப் பரிந்துரைத்தார்கள். வலியுள்ள குழந்தைகளை மட்டும் ஸ்கேன் செய்து, ஒப்பிட வலியில்லாத குழந்தைகளே இல்லாமல் எழுதப்படும் ஆய்வில், 6 மில்லிமீட்டர்க் கட்டி நோயாகிவிடுகிறது. அதன் விளைவு அந்த வீட்டில் தெரியும்: அறிக்கையைப் பார்த்த குடும்பம் தூங்காது, குழந்தைக்கு ஆன்டிபயாட்டிக் தொடங்கும், கட்டி என்ற சொல்லே காசநோய் மருந்து வரை இழுத்துச் செல்லும். எச்சரிக்கை அறிகுறி எதுவும் இல்லாத குழந்தைக்கு ஸ்கேன் எடுப்பதால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2005ஆம் ஆண்டு அறிக்கையும் சொல்லிவிட்டது.

ஹெலிகோபாக்டர் பைலோரியின் கதையும் இதே வழியில்தான் போகிறது. வயிற்றில் வாழும் இந்தக் கிருமியை 1980களின் தொடக்கத்தில் கண்டறிந்த பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. வயிற்றுப்புண்ணுக்கு அது காரணம் என்பது உறுதி. ஆனால் நம் நாட்டில் பள்ளிப் பருவத்திலேயே மிகப் பலரிடம் அது குடியேறிவிடுகிறது. பரவலாக இருக்கும் கிருமியை, பரவலாக இருக்கும் வலியுள்ள குழந்தைகளிடம் தேடினால் கிடைக்கத்தான் செய்யும். ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தை இரைப்பைக் குடலியல் சங்கங்களின் கூட்டு வழிகாட்டுதல், உறுப்புக் கோளாறு இல்லாத செயல்பாட்டு வயிற்றுவலி உள்ள குழந்தையிடம் இந்தக் கிருமியைத் தேட வேண்டாம் என்றே சொல்கிறது. இரத்தத்தில் எதிர்பொருள் பார்ப்பதையும் அது ஏற்பதில்லை. இந்தியச் சூழல் வேறு என்று வாதிடலாம். வாதிடுபவர், வலியில்லாத குழந்தைகளையும் அதே எண்ணிக்கையில் சோதித்துக் காட்டட்டும்.

வாயையும் வயிற்றையும் இணைக்கும் ஆய்வுகள் இங்கேதான் நுழைகின்றன. பற்படலம் ஹெலிகோபாக்டரின் கிடங்கு, ஈறைச் சுத்தம் செய்தால் வயிறும் தேறும் என்ற கருத்து கவர்ச்சியானது. 1991இல் தேசாய் குழுவினர் பம்பாயிலிருந்து வெளியிட்ட ஆய்வு இதில் அடிக்கடி சுட்டப்படுகிறது. அஜீரணத் தொல்லை உள்ளவர்களின் பற்படலத்தை யூரியேஸ் சோதனையில் பார்த்தபோது கிட்டத்தட்ட எல்லோரிடமும் ‘கிருமி உண்டு’ என்றே வந்தது. மருந்து கொடுத்து வயிற்றில் அது மறைந்தபிறகும் பல்லில் மறையவில்லை. பல் ஒரு நிரந்தரக் கிடங்கு என்ற எண்ணம் அங்கிருந்து வேர் பிடித்தது. நான் அந்த எண்களை வேறுவிதமாகப் படிக்கிறேன். யூரியாவை உடைக்கும் நுண்ணுயிர்கள் வாயில் வேறு பலவும் உண்டு. வயிற்றின் அமிலத்தில் அவை பிழைப்பதில்லை. அதனால் அங்கே அந்தச் சோதனை நம்பத்தக்கது. பல்லின் மேல் அதே சோதனை நிறம் மாறினால், யாரால் மாறியது என்று சொல்ல முடியாது. எல்லோரிடமும் நேர்மறையாக வரும் சோதனை யாரையும் பிரித்துக் காட்டுவதில்லை. மரபணுச் சோதனைகளும் பற்படலத்தில் இந்தக் கிருமியை ஓர் ஆய்வில் நிறையவும், இன்னோர் ஆய்வில் அறவே இல்லாமலும் காட்டியிருக்கின்றன. இவ்வளவு ஆட்டம் காணும் அளவீட்டின் மேல், வயிறு வலிக்கும் குழந்தைக்குப் பல் சுத்தம் செய்யச் சொல்லும் பரிந்துரையைக் கட்ட முடியாது. பல்லைச் சுத்தம் செய்வது எப்படியும் நல்லதுதான். அதற்கு வயிற்றைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.

ஈறும் வயிறும் உண்மையிலேயே சந்தித்த இடம் ஒன்று மருத்துவ வரலாற்றில் உண்டு. 1840இல் லண்டனில் ஹென்றி பர்டன், ஈய நஞ்சேறியவர்களின் ஈறு ஓரத்தில் நீலக் கோடு படிவதை எழுதினார். வயிற்றைப் பிசையும் வலி ஈய நஞ்சின் முதன்மை அறிகுறிகளில் ஒன்று. ஈறைப் பார்த்து வயிற்றுவலியின் காரணத்தைச் சொன்ன பரிசோதனை அது. ஆனால் அந்தக் கோடு உருவாவது எப்படி? வாய்க் கிருமிகள் உண்டாக்கும் கந்தகச் சேர்மம் இரத்தத்திலிருந்து வரும் ஈயத்தோடு சேர்ந்து படிகிறது. ஈறு சுத்தமாக இருந்தால், உடல் முழுக்க ஈயம் இருந்தாலும் கோடு வராது. குழந்தைகளிடம் அது அரிது. ஆகவே கோடு தெரிந்தால் நம்பலாம், தெரியாவிட்டால் நம்பக் கூடாது. இரத்தத்தில் ஈயத்தை அளப்பதுதான் வழி. இந்த ஒரு பழைய எடுத்துக்காட்டு, பரிசோதனையின் நேர்மறைக்கும் எதிர்மறைக்கும் சம எடை கிடையாது என்பதைப் பத்துப் பாடநூல் பக்கங்களைவிடத் தெளிவாகக் காட்டுகிறது.

பரிசோதனையே வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. எந்தக் குழந்தைக்கு வேண்டும் என்பதுதான் கேள்வி. எடை குறைவது, வளர்ச்சி நிற்பது, விடாத காய்ச்சல், மலத்தில் இரத்தம், பச்சை வாந்தி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, தொப்புளைவிட்டு ஒரு பக்கமாக நிற்கும் வலி: இவற்றில் ஒன்றிருந்தாலும் உடனே தேட வேண்டும். இந்தப் பட்டியல் உலகமெங்கும் பொது. தங்கவயலுக்கென்று இதில் ஒரு வரி கூட்ட வேண்டும். சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. கடைசியாக ஆழத்துக்கு இறங்கியவர்கள் இன்று தாத்தாக்கள். சிலிகோசிஸ் வேலையை விட்டபிறகும் வளரக்கூடியது. அது உள்ள நுரையீரலில் காசநோய் எளிதாகப் பற்றும். லைன் வீடுகளின் சிறிய அறைகளில் தாத்தாவும் பேரனும் ஒரே காற்றைத்தான் மூச்சு வாங்குகிறார்கள். வயிறு வலிக்கும் குழந்தையின் வீட்டில் நெடுநாள் இருமும் சுரங்கத் தொழிலாளி யாராவது உண்டா என்று கேட்பது, இந்த ஊரில் எந்த ஸ்கேனைவிடவும் மதிப்புள்ள கேள்வி. வயிற்றுக் காசநோயைக் கண்டுபிடிக்கவும், அது இல்லாத குழந்தையை ஆறுமாத மருந்திலிருந்து காக்கவும் அந்த ஒரு கேள்வி உதவும். சுரங்கக் கழிவான சயனைடு மேடுகளின் அருகே வளரும் குழந்தையிடம் விளக்கமில்லாத வலியும் சோகையும் சேர்ந்திருந்தால் இரத்தத்தில் ஈய அளவு பார்ப்பதும் நியாயமான சோதனை.

மீதிக் குழந்தைகள், அவர்கள்தான் பெரும்பான்மை, செயல்பாட்டு வலிக்காரர்கள். இத்தகைய வலிகளுக்கான 2016இன் ரோம் வரையறை ஒரு நல்ல காரியம் செய்தது: ‘உறுப்பு நோய் எதுவும் இல்லை என்று நிரூபி’ என்ற பழைய நிபந்தனையை விட்டு, ‘தக்க மதிப்பீட்டுக்குப் பின்’ என்றது. எல்லா நோயையும் தேடித் தீர்த்த பிறகே குழந்தையை நம்புவது என்ற நிலை அதோடு போயிற்று. குடலுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்புகள் கூருணர்வோடு இயங்குவதால் வரும் அந்த வலி உண்மையான வலி. ‘நடிக்கிறான்’ என்ற சொல்லை அப்பாக்கள் கைவிட வேண்டும். மலச்சிக்கலைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஸ்கேனுக்கு எழுதும் மருத்துவரும் தன் பழக்கத்தை மாற்ற வேண்டும். பள்ளிக் கழிப்பறை நாற்றத்துக்குப் பயந்து நாள் முழுக்க அடக்கிக்கொள்ளும் பெண் குழந்தைக்கு வயிறு வலிக்காமல் என்ன செய்யும்? அந்தக் காரணம் எந்தக் கருவியிலும் தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

ஆகவே என் தீர்ப்பு இது. பானா பட்டை அறிவியலாகச் சரி. அன்றாட ஈறு சிகிச்சையில் அதற்கு இன்று இடமில்லை. புரோப்பையும் கசிவையும் மீறி அது எதைக் கூடுதலாகச் சொல்கிறது என்று தொடர்ந்து கவனித்துக் காட்டும்வரை நோயாளியிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது. எச்சரிக்கை அறிகுறி இல்லாத குழந்தையின் வயிற்றுவலிக்கு ஸ்கேனும் ஹெலிகோபாக்டர் தேடலும் வேண்டாம். பற்படலத்தின் யூரியேஸ் சோதனையை எந்த முடிவுக்கும் ஆதாரமாக ஏற்கக் கூடாது. இவற்றில் முதல் தீர்ப்பு, நல்ல ஆய்வு ஒன்று வந்தால் மாறலாம். கடைசித் தீர்ப்பு மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. குறுகிய காலத்தில், சொந்தக் காசில், கிடைத்த நோயாளிகளை வைத்து எழுதுகிறார்கள். தலைப்பைத் தேர்ந்துகொடுப்பவர்கள் வழிகாட்டிகள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒரு மாணவர் ஒரு தலைப்பு என்பதை விட்டு, நான்கு ஆண்டு மாணவர்களை ஒரே தொடராக இணையுங்கள். உரிகம், மாரிகுப்பம், ஆண்டர்சன்பேட்டை, கோரமண்டல் பகுதிப் பள்ளிகளில் ஒரே குழந்தைக் கூட்டத்தைப் பல் மருத்துவரும் குழந்தை மருத்துவரும் சேர்ந்து பாருங்கள். புரோப், எடை, உயரம், மலச்சிக்கல் பற்றிய கேள்விகள், வீட்டில் காசநோய் உண்டா என்ற கேள்வி, தேவைப்பட்டவர்களுக்கு இரத்த ஈயம். வலியுள்ள குழந்தையையும் வலியில்லாத குழந்தையையும் ஒன்றாக எண்ணுங்கள். முதல் மாணவர் தொடங்கியதை நான்காம் மாணவர் முடிக்கட்டும். முடிவை ஆங்கிலத்தில் நூலகத்தில் வைப்பதோடு நிறுத்தாமல், தமிழிலும் கன்னடத்திலும் எழுதி அந்தப் பள்ளிகளுக்குக் கொடுங்கள்.